வெள்ளிக்கிழமை மீட்டர்

கச்சிராயபாளையம் நெல் மண்டியில் தெய்வசிகாமணிக்கு மீட்டர் உத்தியோகம். நெல்லில் ஈரம் எத்தனை சதவீதம் என்று முள்ளை ஆட்டிக் காட்டும் சாம்பல் நிற எலெக்ட்ரானிக் பெட்டி அது. மண்டி முதலாளி ராஜாங்கம் சென்னையில் யாரோ ஆராய்ச்சிக்காரர்கள் விட்ட ஏலத்தில் எடுத்து வந்தார். கால் சதவீதம்கூடத் தப்பாது என்று ஏலக்காரன் சொன்னானாம். அந்த ஒரு வார்த்தையில் தெய்வசிகாமணி விழுந்துவிட்டார்.

மீட்டர் அறைக்குள் செருப்புக் கூடாது. பீடி கூடாது. தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்மிவிட்டு வரவேண்டும். பெண்டாட்டிக்குப் பூ வாங்கினாரோ இல்லையோ, வெள்ளிக்கிழமை தவறாமல் மீட்டருக்கு ஒரு முழம் மல்லி வந்துவிடும். சந்தனம் கரைத்துத் தெளித்து, விபூதிப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, கண் எரிய எரிய சாம்பிராணி பிடிப்பார். பெட்டியின் தலையில் சூடு போவதற்கு வரிசையாகத் துளைகள் இருந்தன. அதை யார் கவனித்தோம்? எடை போடுகிற நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பிரசாதம்தான் வாங்கினேன்.

பெட்டியின் முதுகில் ஈய சீல். ஒருநாளாவது திறந்து பார்த்ததுண்டா என்று கேட்டேன். "மூலஸ்தானத்த எவனாச்சும் கழட்டிப் பாப்பானா?" என்று என் மேல் பாய்ந்தார்.

எண்பத்தேழு புரட்டாசியில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. முதலாளி சென்னையில் மாட்டிக்கொண்டார். டீக்கடையில் ஊரே சதவீதம் பேசியது. அதைக் கண்ணால் பார்க்கிற ஆள் தான் ஒருவர்தான் என்று தெய்வசிகாமணிக்கு நினைப்பு. கேட்கவா வேண்டும், தரையில் கால் பாவவில்லை!

அந்த நேரம் பார்த்து லட்சுமியம்மாளின் நெல் வந்தது. அணைத் தண்ணீரில் குத்தகைக்குப் பயிர் வைக்கிறவள். மீட்டர் இருபது காட்டியது. ஈரத்துக்குத் தக்கபடி எடையில் கழிவு உண்டு; பதினேழுக்கு மேல் என்றால் மண்டி எடுக்கவே எடுக்காது. வேறு ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. கல்வராயன் மலைமேல் கருக்கல் கட்டி நின்றது. மழை இறங்கினால் மூட்டையிலேயே நெல் முளைத்துவிடும். அவள் ஒரு நெல்லை எடுத்துக் கடித்தாள். கடுக்கென்று சத்தம் எனக்கே கேட்டது.

"நல்லா காஞ்சிகீதுங்க. நீங்களே கடிச்சிப் பாருங்க."

"உன் பல்லு இன்னா மெட்ராஸ்லருந்தா வந்துச்சி? மிசினு சொல்லுதுல்ல?"

அவள் போய் நெல்லைத் தார் ரோட்டில் கொட்டினாள். போராட்டத்தால் அவளுக்குக் கிடைத்த ஒரே ஒதுக்கீடு அந்தக் காலி ரோடுதான். விழுந்து கிடந்த இரண்டு புளியமரத்துக்கு நடுவே, உச்சி வெயிலில், காலால் துழாவித் துழாவிக் காய வைத்தாள். மறுபடி கொண்டுவந்தாள். இருபத்தொன்று!

அவள் அழுவாள் என்று பார்த்தேன். பெட்டியைத்தான் வெறித்துக்கொண்டிருந்தாள்.

"நெல்ல வெளிய எட்துட்டு, சும்மா பாருங்க."

"வெறும் மிசினு இன்னாத்த காட்டும்?"

"அதத்தான் நானும் கேக்கறன். பாருங்க."

வேண்டாவெறுப்பாக நெல்லைக் கொட்டிவிட்டு, குடுவையைத் துடைத்து, பித்தானைத் தட்டினார். முள் ஜம்மென்று ஏறி ஏழில் போய் நின்றது. ஒரு மணி நெல் இல்லாமல் ஏழு சதவீதம் ஈரம்! தெய்வசிகாமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. ரிப்பேர் ஆள் சென்னையிலிருந்து வரவேண்டும். அவனுக்கும் ரோடு இல்லை. மலைப்பக்கம் இடி முழங்கியது. மனுஷன் கற்பூரம் ஏற்றி, மன்னிப்புக் கேட்டு, சீலை உடைத்தார்.

மூடியைத் தூக்கினோம். பொடிப்பொடியான உதிரிகளும் செப்புக் கோடுகளும் இருக்கவேண்டிய இடத்தில் சந்தனமும் விபூதியும் குங்குமமும் அடை அடையாகப் படிந்து, நசநசவென்று ஈரம் கோத்துக் கிடந்தது. நடுவில் காய்ந்த மல்லி. மூலையில் எறும்புகள் குடித்தனம்.

லட்சுமியம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு குனிந்தாள். அவளும் தெய்வசிகாமணியுமாகச் சுரண்டி, ஊதி, துடைத்து, அடுப்புக் கரிக் கனலில் காட்டி உலர்த்தினார்கள். முள் பூஜ்யத்தில் படுத்தது. அவள் நெல் பதினான்கு. கடைசி மூட்டை உள்ளே வரும்போது தூறல் விழுந்தது.

போகும்போது வாசலில் நின்று திரும்பினாள். "ஈரம் ஈரம்னு போகத்துக்குப் போகம் எங்க நெல்லுல கழிச்சீங்களே, அதெல்லாம் உங்க விபூதியோட ஈரந்தானுங்களா?"

அன்று தெய்வசிகாமணிக்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் பெண்டாட்டி சொன்னாள்.

மரங்களை அகற்றியதும் முதலாளி வந்தார். விஷயம் கேட்டார். மண்டியில் கழிவு கம்மியாகிவிட்டதைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அவரே விபூதித் தட்டோடு வந்து நின்றார்.

"இன்னாயா, பூஜைய நிறுத்திட்டியாமே? சாமி குத்தம் ஆயிடும்யா."

தெய்வசிகாமணி பெட்டிக்கு முன்னால் போய் நின்று தலையைக் குனிந்தார். "எனக்கு வெச்சி வுடுங்க, மொதலாளி. அதுக்கு வேணாங்க."

முதலாளி வைக்கவில்லை. தை பிறப்பதற்குள் தெய்வசிகாமணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மீட்டருக்குப் புது ஆள் வந்திருக்கிறான். நல்ல பக்திமான்.