பெரியப்பா கோயிலுக்குப் போன கதை

பெரியப்பா ரிடையர் ஆன அன்று ஒரு ரோஜா மாலை, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு குடை ஆகியவற்றோடு ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். மாலையைப் பெரியம்மா வாசல் நிலையில் மாட்டினார்கள். கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டினார்கள். பெரியப்பாவை எங்கே மாட்டுவது என்பதுதான் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க ஆபீஸில் இருந்து, கடைசியில் ஹெட்கிளார்க்காக முடித்தவர். சிரித்தால் பென்ஷனில் பிடித்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லி வைத்ததுபோல் முகத்தை வைத்திருப்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அப்பாவும் அவரும் மதுரை தெற்கு வாசல் பக்கம் ஒரே வீட்டில் இருந்ததால், எனக்கும் என் அக்காவுக்கும் எல்லாக் காரியத்திலும் அவர்தான் முதல் ஆள்.

வந்தவர்கள் எல்லாரும், "இனிமே ராமா கிருஷ்ணான்னு நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். ஒரு வாரம் அப்படி இருந்து பார்த்தார். எட்டாம் நாள் அடுப்படிக்கு வந்துவிட்டார். கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துக் காம்புகளை எண்ணினார். இட்லி வெந்த பிறகும் சட்னி தயாராகாத காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கும்படி ஒரு சீட்டு எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டினார். பெரியம்மா அதைக் கிழித்து அடுப்புப் பற்ற வைத்தார்கள்.

வேறு வழியில்லாமல் அம்மாவும் பெரியம்மாவும் கலந்து பேசி அவருக்கு இரண்டு வேலைகள் கண்டுபிடித்தார்கள். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கூட்டி வருவது ஒன்று. அக்கா கல்யாணத்துக்குப் பேண்டு செட் பேசுவது இன்னொன்று. இந்த இரண்டும் ஒன்றாகிப் போகும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

மாப்பிள்ளை வீடு வாடிப்பட்டி. மாப்பிள்ளையின் அப்பா பெரிய மீசைக்காரர், தென்னந்தோப்புக்காரர். நிச்சயத்தன்று பெரியப்பாவைப் பார்த்ததுமே, "பட்டா நகல் வாங்க ஒங்க ஆபீஸுக்குப் பதினோரு தடவ நடந்தேன் சம்பந்தி" என்றார். மீசை சிரித்தது, கண் சிரிக்கவில்லை. பெரியப்பா கொஞ்சமும் அசையாமல், "விண்ணப்பத்துல தேதி போட்டிருக்க மாட்டீங்க" என்றார். அப்பா அவசரமாகத் தாம்பூலத் தட்டை நடுவில் நீட்டினார்.

அன்று சாயங்காலம் அப்பா கையைப் பிசைந்துகொண்டு, "அண்ணே, மாப்பிள்ளை அழைப்புக்கு நீங்கதான் முன்னால நின்னு அவருக்கு மால போடணும். மனுசன் மனசுல வச்சிருக்காரு" என்றார். பெரியப்பா சரி என்றார்.

பேண்டு பேசப் போனபோது நானும் கூட இருந்தேன். என் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு மாடி அறை. மாஸ்டர் ஒரு பாய். வெற்றிலைச் சிவப்பு வாய், கிளாரினெட் வாசிப்பார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மூலையில் பெரிய டிரம் இருந்தது. பெரியப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கோலை எடுத்து, தும் என்று ஒரு அடி அடித்தார். பிறகு இன்னொன்று. பிறகு அவர் நிறுத்தவில்லை.

உள்ளேயிருந்து வந்த மாஸ்டர் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "சார், தாளம் தப்பாம எறங்குதே. எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"ஆபீஸ் தபால்ல சீல் குத்துனது" என்றார் பெரியப்பா.

மறுநாளிலிருந்து தினமும் போனோம். அவர் டிரம் அடிப்பார். நான் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவேன். வீட்டுக்கு நாங்கள் கோயிலுக்குப் போய்வருவதாகக் கணக்கு. வெளியே சொல்லாமல் இருப்பதற்காகச் சந்து முனையில் எனக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால் வாங்கித் தருவார். கிளம்பும்போது மாஸ்டர் மறக்காமல் நினைவுபடுத்துவார்: "சார், விபூதி." ஜன்னல் மேடையில் அதற்கென்று ஒரு பொட்டலம் இருந்தது. பெரியப்பா தனக்கும் எனக்கும் பட்டையாகப் பூசிவிடுவார். பெரியம்மா ஒருநாள் என் நெற்றியைப் பார்த்து, "தெனமும் விபூதிதானா? மீனாட்சி ஒருநாளாச்சும் குங்குமம் தர மாட்டாளா?" என்று கேட்டார்கள். மறுநாள் ஜன்னலில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன.

இப்படி ஆறு மாதம் போனது. மாப்பிள்ளை அழைப்பு நாளும் வந்தது.

பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொண்டு, மாலை போட்டு, காரில் ஏற்றி, பேண்டோடு மண்டபத்துக்கு அழைத்து வர வேண்டும். மண்டபத்துப் பின்வாசலுக்கு மாஸ்டர் பதறியடித்துக்கொண்டு வந்தார். பெரிய டிரம் அடிப்பவருக்குக் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை.

"பெரிய டிரம் இல்லாம போனா, பொண்ணு வீட்டுக்காரங்க பேண்டுலயும் மிச்சம் புடிச்சாங்கன்னு பேசுவாங்க சார்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரே ஒரு பாட்டு, பிறகு கழற்றிவைத்துவிட்டு மாலை போடப் போய்விடலாம் என்று சொன்னார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டைப் பட்டு வேட்டிக்கு மேல் போட்டுக்கொண்டார். தொப்பி காது வரை இறங்கிவிட்டது. டிரம் சரியாமல் இருக்க மாஸ்டர் முதுகுப் பக்கம் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். பேண்டுக்காரர்களின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சொந்தத் தம்பியான என் அப்பாவே அவரை இரண்டு தடவை இடித்துக்கொண்டு போனார், அவரைத் தேடி.

மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். பாட்டு முடிந்தது. மாஸ்டர் பின்னால் போய் முடிச்சை இழுத்தார். அது அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தும் அவிழவில்லை. சமாளிப்பதற்காக அடுத்த பாட்டை ஆரம்பித்தார்கள்.

"பெரியப்பா எங்க?" என்று அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

ஆறு மாதப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது: "கோயிலுக்குப் போயிருக்காரு."

நாங்கள் நின்றுகொண்டிருந்ததே கோயில் வாசலில்தான். அப்பா பாவம், உள்ளே ஓடிப் பிள்ளையாரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"பொண்ணோட பெரியப்பா மால போட்டாத்தான் கார்ல ஏறுவேன்" என்று மீசைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "இல்ல, இதுக்கும் பதினோரு தடவ நடக்கணுமா?"

அவர் பக்கத்துப் பங்காளி ஒருவர், "வண்டியத் திருப்பச் சொல்லவாண்ணே?" என்று கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மண்டபத்தில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்காவை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது பெரிய டிரம் நின்றது. மற்ற வாத்தியங்கள் நாலடி தூரம் தாளமில்லாமல் தள்ளாடிவிட்டு ஒவ்வொன்றாக ஓய்ந்தன. டிரம்மைச் சுமந்தபடியே பெரியப்பா முன்னால் வந்து தொப்பியைத் தூக்கினார்.

"இந்தா இருக்கேன் சம்பந்தி. முடிச்சு அவுறல."

அப்பா மாலையை அவர் கையில் கொடுத்தார். நடுவில் டிரம் இருந்ததால் கை எட்டவில்லை. இரண்டு தடவை எம்பிப் பார்த்தார். இரண்டு தடவையும் மாலை டிரம்மில்தான் விழுந்தது. மீசைக்காரர் சிவப்புக் கோட்டையும் பட்டு வேட்டியையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இது எம்புட்டு நாளா நடக்குது?"

"ஆறு மாசமா."

"ஆபீஸ்ல இருந்தப்ப இல்லையா?"

"அப்ப இருந்திருந்தா ஒங்களப் பதினோரு தடவ நடக்க விட்டிருப்பேனா?"

மீசை முதலில் அசைந்தது. பிறகு தொந்தி அசைந்தது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கார் பானெட் மேல் உட்கார்ந்திருந்த காக்கா பறந்துவிட்டது. தானே குனிந்து தலையை நீட்டி மாலையை வாங்கிக்கொண்டார்.

"சரி, ஒரு கண்டிசன்" என்றார். "எனக்கு முன்னால நீங்கதான் அடிச்சுக்கிட்டு வரணும். பதினோரு பாட்டு. ஒண்ணு கொறஞ்சாலும் கார விட்டு எறங்க மாட்டேன்."

மண்டபம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. மூன்றாவது பாட்டிலேயே வந்துவிட்டோம். மிச்சம் எட்டையும் முடிப்பதற்காக ஊர்வலம் மண்டபத்தை நாலு சுற்றுச் சுற்றியது. தண்டனை கொடுத்ததாக அவர் நினைத்திருக்கலாம். பெரியப்பா பன்னிரண்டாவது பாட்டையும் அடித்தார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம், முட்டி வலி வரும்வரை அவர் அந்தப் பேண்டில் வாசித்தார். திருமங்கலம், உசிலம்பட்டி என்று வெளியூருக்கெல்லாம் போய்வந்தார். யாராவது கௌரவமானவர்கள் அவரைத் தேடி வந்தால் மட்டும், கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னோம்.

அன்று சாயங்காலம் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆரத்தித் தட்டோடு மண்டப வாசலில் நின்ற பெரியம்மா நாலு சுற்றையும் பார்த்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆரத்தி எடுத்து முடித்ததும் என் கையைப் பிடித்து, வாழை இலைக்கட்டுகள் அடுக்கியிருந்த அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

குட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"அங்க சிரிப்பாரா?"

"ஓ, சிரிப்பாரு. மாஸ்டர் ஏதாச்சும் சொன்னா கண்ணுல தண்ணி வார வரைக்கும் சிரிப்பாரு. சில நாள் பாடுவாரு."

"பாடுவாரா?"

எந்தப் பாட்டு என்று கேட்டார்கள். தெரிந்த மட்டும் பாடிக் காட்டினேன். இலைக்கட்டின் மேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்கள். பிறகு என் பாவாடையைச் சரிசெய்துவிட்டு, "சரி, போயி சாப்புடு" என்றார்கள்.

நான் தப்பித்த சந்தோஷத்தில் இருந்தேன். முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருப்பவர்கள் இதைப் போய் என்னிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் முதல் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். ஓடிவிட்டேன்.