காலிக் கட்டங்கள்

காந்திபுரத்தில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் வேலை பார்த்தேன். வருகிறவர்கள் கேட்பதைக் கம்ப்யூட்டரில் தட்டி, பொருத்தமான வரன்களை எடுத்துக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆட்களிடம் பேசக் கூச்சம். அதனால் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது பிடித்திருந்தது.

ஆனால் அந்தத் திரையில் யாரும் வரமாட்டார்கள். நட்சத்திரம், படிப்பு, உயரம், ஊர், கொங்குப் பக்கத்துக் குலப்பிரிவான கூட்டம் என்று கட்டங்கள் இருந்தன. ஒன்றைக் காலியாக விட்டால், அந்த விவரமே இல்லாத ஆளைத்தான் அது தேடும். பெண்ணைப் பெற்றவர்களோ, "ஒசரமெல்லாம் எதுக்குங்க, பையன் தங்கமா இருந்தாப் போதும்" என்பார்கள்.

முதலாளி சொல்லிவிட்டார்: "தை பொறக்கட்டும் அம்மணி. அப்பவும் இப்படியே இருந்தா இந்தக் கம்ப்யூட்டர் டப்பாவத் தூக்கிப்போடலாம்." டப்பாவோடு என் வேலையும் போய்விடும்.

புரோகிராம் எழுதிய கோட்டைமேட்டு பாயை வரவழைத்தோம். மகளுக்கு வரன் தேடி வந்த வெள்ளகோவில்காரர் ஒருவரும் அப்போது காத்திருந்தார்.

"முதல்ல எல்லாரையும் சேத்துக்கணும்," என்று பாய் எனக்கு விளக்கிக்கொண்டே எழுதினார். "எந்தக் கட்டத்துல எழுதியிருக்காங்களோ, அந்த நிபந்தனைய மட்டும் ஒண்ணொண்ணா ஒட்டிட்டே போகணும். காலியா இருந்தா தொடவே கூடாது."

வெள்ளகோவில்காரர் சொன்னது இரண்டே விவரம்: மாப்பிள்ளை பட்டப்படிப்பு படித்திருக்க வேண்டும், தங்கள் கூட்டம் இன்னது. தட்டியதும் திரை நிறையப் பெயர்கள். எனக்குக் கண் கலங்கியது. வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறியது.

"ஏனுங்க பாய், இவங்க அத்தனை பேரும் எங்க கூட்டமுங்க. எம்புள்ளைக்கு அண்ணன் தம்பி மொறை. பந்தல் போட வாறவங்களையே மாப்பிள்ளையாக் காட்டறீங்களே."

"ஒரே கூட்டம்னா ரொம்பப் பொருத்தம்னு நெனச்சுட்டேனுங்க," என்றார் பாய். முதலாளி சிரித்ததில் டீ சிந்தியது.

பாய் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "நீங்களே மாத்துங்க."

"நானுங்களா?"

"உங்களுக்குத்தான் மொறை தெரியுமே."

மற்ற நிபந்தனைகளை அப்படியே விட்டேன். கூட்டத்துக்கு மட்டும், சமமாக இருப்பவர்களைத் தேடாமல் சமமாக இல்லாதவர்களைத் தேடச் சொன்னேன். சில பெயர்கள் வந்தன. அதில் ஒருவருக்கு ஊர் பவானி.

"எம்புள்ளை ஆத்தங்கரை ஊருதான் வேணும்னு சொல்லுது," என்று வெள்ளகோவில்காரர் விலாசத்தை வாங்கி மடித்துக்கொண்டார்.

தையில் என் மேசைக்கு எதிரே, வருகிறவர்கள் உட்கார முதலாளி ஒரு பெஞ்சு போட்டார். அந்த வேலையில்தான் என் மகனைப் படிக்க வைத்தேன். அன்று ஒரு நிமிடத்தில் பாய் தானே மாற்றியிருக்கலாம். எழுந்து எனக்கு இடம் விட்டார்.