மீன் கட்லட் பர்கரை முதலில் செய்தவர்

ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் பர்கர் கடை வைத்திருக்கும் அகஸ்ரின், மன்னாரிலிருந்து ரொறொன்ரோவுக்கு வந்த காலந்தொட்டு இறைச்சி வாட்டும் புகையிலேயே வாழ்ந்தவர். பிறருடைய சமையலறைகளில் நின்று நின்று காலில் நரம்பு புடைத்த பின்னரே தமக்கென ஒரு கடையை எடுத்தார். வாடிக்கையாளருக்கு ஹம்பர்கரின் வரலாற்றைச் சொல்வதில் அவருக்குத் தனி இன்பம்.

“ஹம்பேர்க் எண்டது ஜேர்மனியிலை ஒரு துறைமுகம். பேர் அங்கையிருந்து வந்தது, சரி. ஆனா பணிசுக்குள்ளை இறைச்சியை வைச்ச முதல் ஆள் ஆர்? விஸ்கொன்சின்காரன் தங்கடை ஆள் எண்டுறான். ரெக்சஸ்காரன் தங்கடை ஆள் எண்டுறான். கனெக்ரிக்கற்காரனும் விடுறானில்லை. செத்த ஆக்களுக்காக இருக்கிற ஆக்கள் அடிபடுகினம்!”

அவருடைய வாடிக்கையாளருள் பெரும்பாலோர் பங்குக் கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கர். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தொடாதவர்கள். ஓராண்டு, தவக்காலம் தொடங்கியதை மறந்து, வெள்ளிக்கிழமைக்கென்று மாட்டிறைச்சியை நிறைய உருட்டி வைத்துவிட்டார். கடைக்குள் ஈ கூட நுழையவில்லை. அப்போது அடுப்படியில் வேலை செய்த கிளடிஸ், தம் மதிய உணவுக்குக் கொண்டுவந்திருந்த மீன் கட்லட் ஒன்றைத் தட்டையாக்கிப் பொரித்து, பணிசுக்குள் வைத்து, மேலே வெங்காயமும் மிளகாயும் வதக்கிய சீனிச் சம்பல் பரப்பி நீட்டினார்.

“இதை வித்துப் பாருங்கோ, அண்ணை.”

விற்றார். அடுத்தடுத்த தவக்காலங்களில் அதற்காகவே ஸ்காபரோவின் மறுகோடியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

இவ்வாண்டுத் தவக்காலத் தொடக்கத்தில், தமிழ்த் தொலைக்காட்சி ஒன்றிலிருந்து வாகீசன் என்னும் இளைஞர் கமராவுடன் வந்தார். அகஸ்ரின் வழக்கம்போல அமெரிக்க ஊர்களின் சண்டையை விரித்துரைத்தார்.

“அப்ப இந்த மீன் கட்லட் பர்கரை ஆர் அங்கிள் கண்டுபிடிச்சது?”

“இதுக்கு வழக்கு ஒண்டும் இல்லை, தம்பி. நான்தான்.”

வாய் முந்திவிட்டது. அடுப்படிச் சாளரம் திறந்தே இருந்தது. உள்ளே கிளடிஸ் ஒரு கட்லட்டை எண்ணெயில் இட்டார். அது சீறிய ஓசை மட்டும் கேட்டது. கமராக்காரர் போன பின்பு, “வடிவாக் கதைச்சீங்கள், அண்ணை,” என்றார் கிளடிஸ். அது பாராட்டா, குத்தலா என்று அகஸ்ரினுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளவும் அவர் முயலவில்லை. நாளைக்குச் சொல்லித் திருத்தலாம் என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார். அமெரிக்காவிலேயே உண்மை தெரியாதபோது இங்கே யாருக்கு என்ன நட்டம் என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். ஆயினும் கிளடிசின் முகத்தைப் பார்த்து ஒரு வேலை சொல்ல அவரால் முடியவில்லை. நிகழ்ச்சியும் ஒளிபரப்பாகிவிட்டது.

பங்கு மண்டபத்தில் தவக்கால வெள்ளிதோறும் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்தபின் ஒரு குடும்பம் உணவு விற்பது வழக்கம். அதற்குப் பொறுப்பு றோசலின். அடுத்த வெள்ளியைத் தமக்குத் தரும்படி கிளடிஸ் கேட்டிருந்தார். அன்றைக்கு லீவும் சொல்லியிருந்தார். திடீரென்று ஒரு காலையில், “லீவு வேண்டாம், அண்ணை,” என்றார்.

“ஏன்?”

“றோசலின் அன்ரி மறிச்சுப்போட்டா. மீன் கட்லட் பர்கர் உங்கடையாம். ரீவியிலை பார்த்தவையாம். ஒரு மனுசன்ரை சாமானைக் களவெடுத்து விக்கக் கூடாதாம்.”

சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டார். களவு அகஸ்ரினுடையது, கள்ளி என்ற பெயர் கிளடிசுக்கு.

அந்த வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்ததும் அகஸ்ரின் நேரே மண்டபத்துக்குச் சென்றார். அங்கே றோசலின் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பர்கரை முதல் செய்தவ கிளடிஸ். நான் இல்லை.”

றோசலின் சிரித்தார். “பாருங்கோவன், அண்ணையின்ரை தாழ்மையை!”

“தவக்காலமெல்லே,” என்றார் வரிசையில் நின்ற சீமோன். “அண்ணை புண்ணியம் சேர்க்கிறார்.”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். செய்த பிழைக்கு மேலும் ஒரு புகழ் வந்து சேர்வதை அகஸ்ரினால் தாங்க முடியவில்லை.

“புண்ணியமும் இல்லை, மண்ணும் இல்லை!” அவர் குரல் மண்டபத்தின் கடைசி வரை கேட்டது. “நான் பொய் சொன்னனான். அவ அடுப்படியிலை கேட்டுக்கொண்டு நிக்கேக்கை, கமராவைப் பார்த்துப் பொய் சொன்னனான்.”

சிரிப்பு அடங்கியது. கையிலிருந்த கேத்தலை றோசலின் மேசையில் வைத்தார். “ஐயோ, நான் அந்தப் பிள்ளையை என்ன கேள்வி கேட்டுப்போட்டன்!”

கிளடிஸ் வாசலோரம் நின்றிருந்தார். அகஸ்ரின் அவரிடம் போனார்.

“கோவமோ, பிள்ளை?”

“அண்டைக்கு நல்ல கோவம். இப்ப இல்லை, அண்ணை. ஆனா இந்தக் கிழமையோடை நான் கடைக்கு வரேல்லை. ஓடர் எடுத்து வீட்டிலையே செய்யப்போறன்.”

கடையிலேயே நில்லும் என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தமக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வெள்ளி விற்பனையை றோசலின் கிளடிசுக்கே கொடுத்திருந்தார். அகஸ்ரின் கடையைப் பூட்டிவிட்டு மண்டபத்துக்குப் போய் வரிசையின் கடைசியில் நின்றார். முன்னே வரும்படி சிலர் அழைத்தும் அசையவில்லை. அவருடைய முறை வந்தது. வயிற்றுப் புண்ணால் அவருக்கு உறைப்பு ஆகாது; அதற்காகக் கடையில் எத்தனையோ நாள் தனிச் சம்பல் செய்துகொடுத்தவர் கிளடிஸ்.

இன்று அவர் நிமிர்ந்து, மற்ற எல்லாரிடமும் கேட்டதைப் போலவே கேட்டார்:

“உறைப்புக் கூடவோ, குறையவோ?”