கை நடுங்கிய நாலு மாதம்

போன வருஷம் தீபாவளி முடிந்த கையோடு ஈப்போவில் நடந்தது இது. நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். தினமும் காலையில் பதினொரு பிள்ளைகளை ஏற்றி இறக்குவேன். ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது பார்க்கிறேன், மடியில் வைத்திருந்த என் வலது கை தானாக ஆடுகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் நின்றது. கையை எடுத்து மடியில் வைத்தால் மறுபடியும் ஆட்டம்.

வேறு யாராவது என்றால் வயசாகிறது, தூக்கம் போதவில்லை என்று விட்டிருப்பார்கள். என்னால் அப்படி விட முடியவில்லை. காரணம் ஓர் அக்கா.

சின்ன வயசில் ஒன்பது வருஷம் நான் ஆயர் தாவார் பக்கம் எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடித்தவள். புல்லைச் சாகடிக்கிற மருந்து. முதுகில் பம்பு, ஒரு கையால் அதை இயக்கிக்கொண்டே மறு கையில் பைப்பைப் பிடித்து மரத்தைச் சுற்றி வர வேண்டும். அந்த அக்காவும் நானும் ஜோடி. கையுறை கொடுப்பார்கள். வெக்கை தாங்காமல் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வோம். பம்பின் மூடி சரியாக மூடாது, மருந்து முதுகில் வழியும். நனைந்த சட்டையோடுதான் மதியம் வரைக்கும் வேலை. உடம்பு அரிக்கும், குளித்தால் சரியாகிவிடும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

பிறகு நான் ஈப்போவுக்கு வந்துவிட்டேன். அக்கா ஆயர் தாவார் டவுனில் மகளோடு தங்கிவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள். கை நடுக்கம், தேய்த்துத் தேய்த்து நடப்பது, பேச்சுகூட மெலிந்துபோனது. இந்த மாதிரி மருந்தில் ரொம்ப நாள் புழங்கியவர்களுக்கு அந்த நோய் வரும் ஆபத்து அதிகம் என்று அவர் மகள் எங்கோ படித்துவிட்டு என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு நான் அங்கே போவதையே நிறுத்திவிட்டேன். வேன் ஓட்டம், பள்ளி விடுமுறையில் கல்யாண வீடு என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. உண்மையில் அவரைப் பார்க்கவே எனக்குப் பயம்.

இப்போது என் கையும் ஆடுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. ஜாக்கெட் ஊக்கு மாட்ட நேரமானது. படி இறங்கும்போது கால் கனத்தது. ஒரு நாள் என் கணவர், "நீ ஏன் இப்பல்லாம் சிரிக்கவே மாட்டேங்கிற? என் மேல கோவமா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அது முகத்துக்கு வரவில்லை. அன்றைக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்படியே நாலு மாதம் ஓட்டினேன். ஒரு காலையில் பள்ளி வாசலில் முன்னால் போன மோட்டார் சைக்கிள் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று மனசு சொல்கிறது, கால் நகர மாட்டேன் என்கிறது. ஒரு வழியாக மிதித்தபோது வண்டிக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் ஒரு சின்னப் பையன். அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. வேனுக்குள் பிள்ளைகள் குலுங்கியதில் ஹோவென்று சிரிக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மறுநாளிலிருந்து வேன் லைசென்ஸ் இருந்த என் தம்பி ஓட்டினான். கணவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயசுதான் இருக்கும். விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். மருந்து அடித்த கதையை மலாயில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, தினமும் சாப்பிடும் மாத்திரையெல்லாம் என்ன என்று கேட்டார். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடுவதைக் காட்டினேன்.

"அந்தத் தல சுத்தல் மாத்திரைய சொல்லு லா," என்றார் பக்கத்தில் இருந்த கணவர்.

அதெல்லாம் ஒரு மருந்தா என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலை சுற்றலுக்கு ஒரு கிளினிக்கில் ஒரு வாரத்துக்குக் கொடுத்த மாத்திரை. வண்டி ஓட்டும்போது சுற்றிவிடக் கூடாதே என்று நானே கடையில் வாங்கி தினமும் போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் அதைத் திருப்பிப் படித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஆன்ட்டி, இத ரொம்ப நாள் சாப்பிட்டா பார்க்கின்சன் மாதிரியே நடுக்கம் வரும். முதல்ல இத நிறுத்திப் பார்ப்போம். நான் சொல்ற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க."

முதல் மாதம் பெரிதாக எதுவும் மாறவில்லை. இரண்டாவது மாதம் ஊக்கு ஒரே தடவையில் மாட்டியது. மூன்றாவது மாதம் ஏதோ ஒரு பேச்சுக்கு நான் சிரிக்க, கணவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "வந்துருச்சு," என்றார். இரண்டு பேருக்கும் கண் கலங்கியது.

மறுபடியும் போனபோது நான் இனி வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர். மருந்து அடித்த எல்லோருக்கும் அந்த நோய் வருவதில்லை, ஆனாலும் ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான், வருஷா வருஷம் வந்து காட்டுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

நான் முதலில் போனது ஆயர் தாவாருக்கு. அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். "ஏன்டி, ஒட்டிக்கிற நோவுன்னு நெனச்சிட்டியா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. "கைய நீட்டு," என்றார். ஆடுகிற தன் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்து உற்றுப் பார்த்தார்.

"நிக்குது லா. நல்ல வேள. இனிமே என்னை கிளினிக்குக் கூட்டிட்டுப் போக ஆளு இருக்கு."

பள்ளி விடுமுறை நாள் பார்த்து அவருக்குத் தேதி வாங்குகிறோம், நான்தான் கூட்டிப்போகிறேன். எனக்கு வராமல் போனது என் சாமர்த்தியம் இல்லை, அவருக்கு வந்தது அவர் தப்பும் இல்லை. பயத்தை வாய்விட்டுச் சொல்ல நாலு மாதம் எடுத்துக்கொண்டேனே என்று நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது, கூடவே ஒரு பெருமூச்சும் வருகிறது.