சாவு வீட்டுச் சோற்றுக்கு ஒரு குறிக்கோள்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டில் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், நாங்கள் நான்கு பெண்கள் சமைத்துக் கொண்டுபோவோம். அந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் அல்லவா, முதல் காபியிலிருந்து காரியம் முடியும்வரை எங்கள் பாடு. என் கைப் புளிக்குழம்பை அழுதுகொண்டிருக்கிறவர்களும் இரண்டாம் தரம் கேட்டு வாங்குவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடப்பது அதுதான்.

அண்டாக்கள் கீழே ஸ்டோரில் இருந்தன. புதிதாக வந்த கமிட்டி, ஸ்டோர் வேண்டுமென்றால் குழுவின் குறிக்கோளை எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுங்கள், இல்லையென்றால் அண்டாவைத் தூக்கிக்கொள்ளுங்கள் என்றது. என் வீட்டில் அண்டாவை வைத்தால் நான் வாசலில்தான் படுக்க வேண்டும்.

நான் கேரி தீவுத் தோட்டத்துப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கமிட்டி கொடுத்த விண்ணப்பப் பாரமோ மலாய் மொழியில் இருந்தது. மூன்றாம் மாடியில் மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்கும் பெண்ணிடம் கொண்டுபோனேன். மலாய் தெரியாவிட்டாலும் போனில் போட்டு மொழிபெயர்த்துவிடுவாள்.

"எதுக்காகச் செய்றீங்கன்னு ஒரே வரில சொல்லுங்கம்மா."

"சமைக்கிறோம்."

"அது வேலைம்மா. எதுக்காக?"

"பசிக்கும்லா."

அவள் யோசித்து, சமூகத்துக்குச் சிறந்த உணவுச் சேவை என்று ஏதோ எழுதிப் படித்துக் காட்டினாள். ஓட்டல் போர்டு மாதிரி இருந்தது. அடுத்த கேள்வி, ஐந்து வருடத்தில் எவ்வளவு வளர்வீர்கள் என்று.

"நாங்க வளரணும்னா யாரும்மா சாவணும்?" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

இத்தனை வருடம் செய்கிற வேலை, எதற்கென்று சொல்ல வரவில்லை. மற்ற மூவரையும் என் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"புண்ணியம்க்கா," என்றாள் ஒருத்தி.

"எனக்கு டிவி அலுத்துப் போச்சு, அதான் வரேன்," என்றாள் இன்னொருத்தி. "புண்ணியத்த இவளே எடுத்துக்கட்டும்."

மூன்றாமவள் என் மாடியிலேயே இருக்கிறவள். எங்கள் நால்வரில் குறைவாகப் பேசுகிறவள். வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் செத்தப்போ என் பிள்ளைங்க மூணு நாளு பிஸ்கட் தின்னுட்டுப் படுத்துச்சுங்க. அதுக்காகத்தான் வரேன்."

அந்தச் சாவுக்கு நானும் போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ரவாங்கிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், சோற்றை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுந்து வந்து, என் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டேன். நாங்கள் சேர்ந்து சமைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. என்னைச் சொல்கிறாளா, பொதுவாகச் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். வெங்காயத்தால் கண் கலங்கியிருந்தது. ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் மதுரைப் பெண்ணிடம் போய், "இத எழுதும்மா," என்றேன். சாவு வீட்டுப் பிள்ளைகள் பிஸ்கட் தின்றுவிட்டுப் படுக்கக் கூடாது. தமிழில் ஒன்று, பாரத்துக்கு மலாயில் ஒன்று எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டித் தலைவர் அதை இரண்டு முறை படித்தார்.

"அஞ்சு வருஷத் திட்டம் காலியா இருக்கே, ஆன்ட்டி?"

"அது காலியாவே இருக்கட்டும் தம்பி."

பாரத்தை ஃபைலில் வைத்தார். பிறகு சாவியைக் கொடுத்தார்.

தமிழில் எழுதிய தாள் இப்போது ஸ்டோர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அண்டா எடுக்கப் போகும்போதெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். ஒரு நாள் குறிக்கோள் மாதிரி இருக்கிறது, ஒரு நாள் என்மேல் சொன்ன குறை மாதிரி இருக்கிறது. வெங்காயம் உரித்தவளிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

போன வாரம் எட்டாம் மாடியில் ஒரு சாவு. நான் காபி பிளாஸ்கோடு முன்னே போக, அவள் கப்புகளோடு பின்னால் வந்தாள். உள்ளே போனதும் அழுகிறவர்கள் பக்கம் போகாமல், பிள்ளைகள் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று தேடினேன்.