வண்டிக்குப் போட்ட சாம்பிராணி

போன வாரம் செம்பூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்தேன். என் மகன் யாரிடமிருந்தோ ஒரு பழைய காரை வாங்கிவிட்டான். மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும், அப்படி ஒரு கார். மெக்கானிக் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங்கை உருவிக் கீழே போட்டார். காய்ந்த ரப்பரின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு முறுக்கு ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கல்யாணமாகி தாராவிக்கு வந்த புதிதில் நானும் என் நாத்தனார் செல்வியும் முறுக்கு சுட்டு விற்றோம். மாவு என் பொறுப்பு, வண்டி அவள் பொறுப்பு. எங்கள் சந்தில் வேன் ஓட்டிய ஒரே பெண் அவள்தான். ஹாரனைவிட அவள் வாய்க்குத்தான் ஆட்கள் வழி விடுவார்கள். வேனுக்கு எங்களைவிட வயசு அதிகம். அதன் பின்பக்க ஜன்னல் மழையில் ஒழுகும், அதன் கீழேதான் முறுக்குக் கூடைகள் இருக்கும்.

எங்களிடம் நிறைய வாங்கியது மாட்டுங்காவில் பலகாரக் கடை வைத்திருந்த பாலக்காட்டு மாமி. அந்த மழைக்காலத்தில் இரண்டு தடவை சரக்கு நமுத்துப்போய்ச் சேர்ந்தது. மாமி கோபப்படவில்லை. ஒரு முறுக்கைக் காதருகே வைத்து ஒடித்தாள். சத்தமே வரவில்லை.

"கோகுலாஷ்டமிக்கும் இப்படி வந்ததுன்னா நான் வேற ஆளைப் பாத்துப்பேன், கேட்டியா" என்றாள்.

மாமி கைவிட்டால் எங்கள் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான். கோகுலாஷ்டமிக்கு எட்டு நாள்தான் இருந்தது.

தண்ணீர் கண்ணாடியின் கீழ் மூலையில் சொட்டியது. ஆகவே ஓட்டை கீழேதான் என்று தீர்ப்புச் சொன்னவள் நான். மெழுகை உருக்கி ஊற்றினேன். பஞ்சர் ஒட்டும் பசையை அப்பினேன். தார்கூடப் பூசினேன். மேலேயும் பார்த்துவிடலாம் என்று செல்வி ஒரு தடவை சொன்னாள்.

"சொட்டுத எடம் கண்ணுக்குத் தெரியுதுல்லா, மேல என்னத்தப் பாக்க" என்று அவள் வாயை அடைத்தேன். மாவின் பதம் தெரிந்தால் எல்லாம் தெரியும் என்று நினைத்த வயசு அது.

"அப்ப வண்டிக்குக் கண்ணு பட்டிருக்கு மைனி" என்றாள் செல்வி.

வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி பாய் வருவார், மேலப்பாளையத்துக்காரர். எந்தக் கடை, யார் கடை என்று பார்க்காமல் எல்லாக் கடைக்கும் புகை காட்டிவிட்டுப் போவார். அந்த வெள்ளிக்கிழமை செல்வி அவரை வழிமறித்து வேனுக்குள் ஏற்றினாள். தூறல் விழுந்ததால் கனல் நனையக் கூடாதென்று பாய் கதவைச் சாத்திக்கொண்டார். சாம்பிராணியைத் தாராளமாக அள்ளிப் போட்டிருப்பார் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் உள்ளே பாயையே காணவில்லை. வண்டி எரிகிறதென்று நினைத்த எதிர்க்கடை மராட்டிக்காரர், "காடி ஜல் ரஹி ஹை" என்று வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"ருக்கோ பாவ், ருக்கோ" என்று செல்வி வாளியைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் ஜன்னல்மேல் இருந்தது.

கண்ணாடியின் மேல் ஓரத்தில், ரப்பரின் இரண்டு முனைகளும் சேரும் இடத்திலிருந்து புகை கோடு போட்டதுபோல வெளியே வந்துகொண்டிருந்தது. நான் பாடுபட்டுப் பூசிய கீழ் ஓரத்தில் ஒன்றுமே இல்லை. ரப்பர் காய்ந்து சுருங்கியதில் முனைகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விழுந்திருந்தது. தண்ணீர் அங்கே புகுந்து, ரப்பருக்குள்ளேயே ஓடி, கீழே வந்து சொட்டியிருக்கிறது.

பாய் இருமிக்கொண்டே இறங்கினார். "ஏம்மா, கண்ணு போச்சா?"

"அது தெரியல பாய். ஓட்டை தெரிஞ்சிட்டு" என்றாள் செல்வி. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நல்லவள்.

மறுநாள் குர்லாவில் ரப்பர் வாங்கி வந்து நாங்களே மாட்டினோம். கண்ணாடியைச் சுற்றி ரப்பரைப் போட்டு, அதன் வெளிப்பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, நான் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டத் தட்ட, செல்வி உள்ளேயிருந்து கயிற்றை இழுத்தாள். ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகத் தகரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது. முனைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்தோம்.

கோகுலாஷ்டமிக்கு முந்தின நாள் மழை கொட்டித் தீர்த்தது. மாமி முறுக்கைக் காதருகே வைத்து ஒடித்தாள். படக்கென்று கேட்டது. எனக்கு உயிர் வந்தது. உடனே மாமி அதை முகர்ந்தாள், வந்த உயிர் போயிற்று.

"என்னடி இது, முறுக்குல சாம்பிராணி வாசனை அடிக்கறது?"

வேனின் சீட்டிலும் சாக்கிலும் பாயின் புகை அப்படியே இருந்தது. செல்வி அசரவில்லை. "சாமிக்குப் போறதுல்லா மாமி" என்றாள்.

மாமி சற்று யோசித்தாள். பிறகு அந்த முறுக்கைத் தின்றுவிட்டு இன்னொன்றையும் எடுத்தாள். திரும்பி வரும்போது நாங்கள் சிரித்த சிரிப்பில் மழைச் சத்தமே கேட்கவில்லை. அடுத்த வருஷம், "அந்த வாசனையோடயே வேணும், கேட்டியா" என்று மாமியே சொல்லி அனுப்பினாள். அப்புறம் ஒவ்வொரு கோகுலாஷ்டமிக்கும் பாயை வேனுக்குள் ஏற்றினோம்.

செம்பூர் மெக்கானிக் புது பீடிங்கை மாட்டிவிட்டு, ஒரு சின்ன மெஷினின் குழாயைக் காருக்குள் விட்டார். வெள்ளைப் புகை கிளம்பியது. ஓட்டை பார்க்க இப்போது இதுதானாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதில் ஒரு சிட்டிகை சாம்பிராணி போடலாமா என்று இந்தியில் கேட்டேன்.

"ஆண்ட்டி, மெஷின் கராப் ஹோ ஜாயேகா" என்றார் பாவம், மரியாதையாக. மெஷின் கெட்டுப்போகுமாம்.

திரும்பும்போது நல்ல மழை. கோவண்டியில் இருக்கும் செல்விக்குக் காரிலிருந்தே போன் போட்டேன்.

"ஒழுகுதா மைனி?"

"ஒழுகலட்டி."

"பொறவு என்னத்துக்குப் போனு?"

வேன் குர்லாவில் பழைய இரும்பாகிவிட்டது. மாமி கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். பாய் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. பழக்கதோஷம், கண்ணாடியின் கீழ் மூலையில் கை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. விரலை முகர்ந்தேன். புது ரப்பர் வாசனை மட்டும்தான் இருந்தது.