ஜெரோம் சாரின் மரியாதை இங்கிலீஷ்

ஜெரோமுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பல்லாவரத்தில் தோல் ஏற்றுமதி செய்த ஒரு கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தவர். ஹாம்பர்குக்கும் மிலானுக்கும் 'ப்ளீஸ் ஃபைண்ட் என்க்ளோஸ்ட்' என்று எழுதி எழுதியே தலை நரைத்தவர். கம்பெனியை மூடிய அன்று முதலாளி அவருக்கும் ஒரு கடிதம் கொடுத்தார். அதில் என்க்ளோஸ்டாக எதுவும் இல்லை.

பிறகு மேடவாக்கம் போகிற சாலையில், பெயரில் மட்டும் தோப்பும் ஏரியும் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. லிஃப்ட் நின்றால் ஜெரோம். ஜெனரேட்டர் இருமினால் ஜெரோம். தண்ணீர் லாரி வராவிட்டாலும் ஜெரோம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அது அசோசியேஷனின் சாதனை.

தன்னுடைய இங்கிலீஷ் செல்லாத நோட்டு என்று அவருக்கு அங்கேதான் தெரிந்தது. குடியிருப்போரின் வாட்ஸப் குரூப்பில் யாரும் யாரையும் 'இதைச் செய்' என்று சொல்வதில்லை. லிஃப்டைத் துடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பார்கள். செடிகளுக்கு யாராவது தண்ணீர் ஊற்றியிருக்கலாம் என்பார்கள். எல்லாம் வுட் ஹேவ், குட் ஹேவ் என்பதைச் சுருக்கிய வுடவ், குடவ், ஷுடவ். துடைக்காதது யார் என்று அதில் இருக்காது. திட்டுகிறவர் யார் என்றும் இருக்காது. திட்டு மட்டும் முகவரி இல்லாமல் கிளம்பி, சரியாக ஜெரோமிடம் வந்து சேரும்.

எஸ்டேட் மேனேஜர் என்று புதிதாக ஒரு பதவி வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அசோசியேஷன் செக்ரட்டரி ஷ்யாம்சுந்தர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்களத்தான் மனசுல வச்சிருக்கேன் ஜெரோம். ஆனா கமிட்டில கொஞ்சம் பாலிஷ்டா எதிர்பார்ப்பாங்க. நீங்க பேசினா தந்தி வாசிக்கிற மாதிரி இருக்கு."

வீட்டில் மனைவி கிறிஸ்டிக்கு இந்தப் பதவியின் மேல் அவரைவிட ஆசை. "மேனேஜர்னா சர்ச்சுல தைரியமா சொல்லிக்கலாம். சூப்பர்வைசர்னா எந்தக் கடையிலன்னு கேக்குறாங்க" என்றாள்.

ஆக, ஐம்பத்திரண்டு வயதில் ஜெரோம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சேர்ந்தார். வெளிநாடு போகத் துடிக்கும் நர்ஸ் பெண்களுக்கு நடுவே, பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். சொல்லிக்கொடுத்த ஜோசலினுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

"சார், 'ஐ வுட் ஹேவ்'னு முழுசா சொல்லாதீங்க. கோர்ட்ல சத்தியம் பண்ற மாதிரி இருக்கு. சுருக்குங்க. ஐடவ்."

"சுருக்கினா மரியாதைக் குறைவா இருக்காதாம்மா? நம்ம ஊர்ல வாங்கவைச் சுருக்கினா வா ஆயிடுமே?"

"இங்கிலீஷ்ல சுருக்கினாத்தான் சார் மரியாதை. 'நீ ஏன் சொல்லல?'ன்னு கேட்டா சண்டை. 'யூ குடவ் டோல்ட் மீ'ன்னா வெறும் வருத்தம். சொல்லியிருக்கலாமே, அவ்ளோதான். அடிச்ச சத்தமே கேக்காது."

ஜெரோமுக்கு இது பிடித்துப்போயிற்று. பைக்கில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் வுடவ், குடவ் என்று சொல்லிக்கொண்டே போனார். கேம்ப் ரோடு சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர், "இன்னா சார், வூட்ல பேஜாரா?" என்று அக்கறையாக விசாரித்தார். வீட்டிலும் பழகிப் பார்த்தார். "சாம்பார்ல உப்பு கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றார். "யார் போட்டிருக்கலாம்? பேரைச் சொல்லுங்க" என்றாள் கிறிஸ்டி. அவளிடம் மட்டும் இந்த மரியாதை எடுபடவில்லை.

சோதனை ஒரு சனிக்கிழமை லாரித் தண்ணீரோடு வந்தது.

தரைத்தொட்டியில் முதல் லாரி தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனது. இரும்பு மூடி திறந்தே கிடந்தது. கூட்டிப் பெருக்கும் அஞ்சம்மாள் துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"சார், மூடி தொறந்து கீது. மூடட்டா? புள்ளைங்க வெளாடினு கீது."

ஜெரோம் செக்ரட்டரிக்கு போன் போட்டார். ஷ்யாம்சுந்தர், "அடுத்த லாரி பின்னாடியே வருது. மூடித் தொறந்துன்னு டைம் வேஸ்ட் பண்ண வேணாம். அப்படியே விடுங்க" என்றார்.

"அப்படியே இருக்கட்டும் அஞ்சம்மா. செக்ரட்டரி ஆர்டர்."

"இல்ல சார், எதுனா உள்ள வுழுந்துட்சினா?"

"சொன்னாக் கேளேன். போய் பி பிளாக்கைப் பாரு."

அவள் போனாள். அடுத்த லாரி வரவில்லை. பி பிளாக்கில் யாரோ செல்லமாக வளர்த்த பழுப்பு நாய் வந்தது, தொட்டிக்குள் விழுந்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வெயிலில் சுகமாக நீந்திக்கொண்டிருந்ததாகத் தூக்கிய வாட்ச்மேன் சொன்னான். ஆனால் நாய் குளித்த தண்ணீரை மனிதர் குளிப்பதா? மொத்தத் தொட்டியையும் இறைத்துக் கொட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான்கு பிளாக்கிலும் குழாயில் காற்றுதான் வந்தது. வாட்ஸப் குரூப்பில் அன்று பொழிந்த குடவ்களைத் தொட்டியில் பிடித்திருந்தால் ஒரு வாரம் ஓடியிருக்கும்.

சாயங்காலம் கிளப் ஹவுஸில் அவசரக் கூட்டம். பேச வேண்டிய விஷயம் இரண்டு. ஒன்று, தொட்டி. மற்றொன்று, எஸ்டேட் மேனேஜர் நியமனம். அஞ்சம்மாளையும் வரச் சொல்லியிருந்தார்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுச் சுவரோரம் நின்றாள். நாற்காலிகள் நிறையக் காலியாக இருந்தன. உட்காரச் சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"சோ ஜெரோம், வாட் ஹேப்பன்ட்?" என்று கேட்டார் ஷ்யாம்சுந்தர். கேட்டுவிட்டு அவர் ஜெரோமைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த தன் செல்போனைப் பார்த்தார்.

ஜெரோம் எழுந்தார். தொண்டையில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஒன்று தந்தி மாதிரி, தமிழிலேயே சொல்லிவிடக்கூடியது: அந்தம்மா கேட்டாங்க, நீங்கதான் வேணாம்னீங்க. அதைச் சொன்னால் கூட்டத்தின் இரண்டாவது விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

மற்றதைச் சொன்னார்.

"தி லிட் குடவ் பீன் க்ளோஸ்ட், சார். இஃப் ஷீட் ஆஸ்க்ட் மீ ஒன்ஸ் மோர், ஐடவ் க்ளோஸ்ட் இட் மைசெல்ஃப்."

மூடியிருக்கலாம், இன்னொரு தரம் அவள் கேட்டிருந்தால் நானே மூடியிருப்பேன். அவள் கேட்கவில்லை என்று அவர் சொன்னாரா? சொல்லவில்லை. அவள் மேல் தப்பு என்றாரா? சத்தியமாக இல்லை. ஒரு பொய்கூட இல்லாத வாக்கியம். முழுங்க வேண்டிய இடத்தில் முழுங்கி, சுருக்க வேண்டிய இடத்தில் சுருக்கி, உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். ஜோசலின் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பாள். ஷ்யாம்சுந்தர் செல்போனிலிருந்து நிமிர்ந்து, முதல் தடவையாக அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஒரு பெண்மணி பெருமூச்சு விட்டார். "பாவம், இட்ஸ் நாட் ஹர் ஃபால்ட் ரியலி. பட் நாம ஒரு டிரெயின்டு ஆளை வச்சிருக்கலாம்."

வச்சிருக்கலாம் என்றால் வைத்துக்கொள்வது என்று அர்த்தம். ஐந்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. அடுத்த ஐந்து நிமிஷத்தில் ஜெரோம் எஸ்டேட் மேனேஜர். பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது. சுவர்ப் பக்கம் மட்டும் போகவில்லை.

வெளியே வந்ததும் அஞ்சம்மாள் வழி மறித்தாள்.

"இன்னா சார் சொன்னீங்க உள்ள? அல்லாரும் என்னிய திரும்பிப் பாத்தாங்க."

"உனக்காகத்தான் பேசினேன்."

"எனக்காகப் பேசுனா நாளையிலருந்து வராதன்னு ஏன் சொல்றாங்க?"

"அது கமிட்டி முடிவு."

அவள் குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லு சார். மூடட்டான்னு நான் கேட்டனா, இல்லியா?"

ஆமாம், இல்லை, இரண்டில் ஒரு வார்த்தை போதும். பக்கத்தில் செக்ரட்டரி இல்லை, கமிட்டி இல்லை, கேட்க ஆளே இல்லை. ஜெரோம் வாயைத் திறந்தார்.

"நீ இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாம் அஞ்சம்மா."

தமிழிலேயே வந்துவிட்டது.

அஞ்சம்மாள் புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள்.

"வர்றேன் ஜெரோமு" என்றாள்.

ஐந்து வருஷமாகச் சார் என்று கூப்பிட்ட வாய். அவள் கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம் போகிற வரைக்கும் மேனேஜர் அசையவில்லை. அப்புறம், வாட்ச்மேன் காதில் அது விழுந்ததா என்று மெல்லத் திரும்பிப் பார்த்தார்.